பிள்ளை பிடிக்கிறவன்

“இன்னும் ஆறு பேர் காலேஜை விட்டு நின்னுட்டாங்க சார்” என்று உதவியாளர் அம்மா சொன்னதும் பேராசிரியருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏன் கல்லூரியைப் பாதியில் விடுகிறார்கள், அவர்களை எப்படிக் கடைசிவரை படிக்க வைப்பது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ‘புள்ளிவிவரம்’ என்று அவருக்குப் பட்டப்பெயர். ஆனால் ஆராய்ச்சி ஆரம்பித்த பிறகு நிற்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். நிதி தருகிற அறக்கட்டளைத் தலைவி அடுத்த மாதம் வருகிறார். அந்த அம்மாள் கையை விரித்துவிட்டால் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட நாதியில்லை.

முதலில், நின்றவர்களுக்குப் போன் போட்டுக் காரணம் கேட்க ஆள் வைத்தார். ஏழ்மை தெரிந்த இளவட்டமாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். அப்போதுதான் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்களாம். ஆள் எடுக்கிற வேலை உதவியாளர் அம்மாவுடையது.

பதில் வந்தது. எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது, முழு நாள் வேலை, நல்ல சம்பளம். எங்கே என்று கேட்டால் மட்டும் இழுக்கிறார்களாம்.

“எவனோ பிள்ளை பிடிக்கிறவன் சம்பளத்தைக் காட்டி நம்ம பசங்களை இழுக்கிறான். அவன் யாருன்னு தெரியாம விடமாட்டேன்” என்று குதித்தார் பேராசிரியர்.

அவனைக் கண்டுபிடிக்க இன்னும் பத்து ஆள் போட்டார். அடுத்த வாரமே பத்துப் பேர் நின்றார்கள். விசாரிக்கிறவர்கள் சுறுசுறுப்பாக இல்லை என்று சம்பளத்தைக் கூட்டினார். ஒரு வகுப்பே காலியானது. ஏதோ சூனியம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டார், படித்த மனுஷர்.

சொன்ன நாளில் தலைவி வந்தார். போன் போட்டு விசாரிக்கிறவர்கள் உட்காரும் கூடத்துக்கு அவரை அழைத்துப் போய், இன்றைக்கு உங்கள் முன்னாலேயே அந்தப் பாவியின் முகத்திரையைக் கிழிக்கிறேன் என்று சபதம் போட்டார் பேராசிரியர். கடைசியாக நின்ற மாணவியின் எண்ணைத் தானே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

கூடத்தின் பின்வரிசையில் ஒரு போன் அலறியது.

“வேலை நேரத்துல போனை அணைச்சு வைக்கணும்னு தெரியாதா? யாரும்மா அது?”

ஒரு பெண் போனைக் காதில் வைத்தபடி எழுந்தாள். அந்த வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. அவள் குரல் நேரிலும் ஸ்பீக்கரிலும் சேர்ந்தே கேட்டது.

“மன்னிச்சுக்கங்க சார், காலேஜை விட்டுட்டு நேத்துதான் இங்க வேலைக்குச் சேர்ந்தேன்.”