வண்டுக்கு ஜாமீன்

சீவலப்பேரி
14.10.96

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஞானசிகாமணிக்கு நேசையா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அக்காள் பாக்கியவதியும் நானும் சுகம். பம்பாயில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். நல்ல செய்தி இவ்வளவுதான்.

நமது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கடனுக்கு உன் பாளையங்கோட்டை வீட்டை ஜாமீன் கொடுத்தாயே, அந்தப் பத்திரத்தை முந்தாநாள்தான் முதன்முதலாகப் படித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வியை முழுசாய்ப் படிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அடித்தவன் நான். நாலாவது நிபந்தனை, தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் மொத்தக் கடனையும் உடனே கட்ட வேண்டும், தவறினால் ஜாமீன்தாரிடம் வசூல்.

அடித்துவிட்டேன் தம்பி. வியாழக்கிழமை பார்த்தால் பூவெல்லாம் சின்னச் சின்ன வண்டு. தென்னையில் வண்டைக் கண்டால் கம்பியால் குத்தி எடுத்தே வளர்ந்த கை சும்மா இருக்குமா? உன் அக்காளை மருந்து கலக்கச் சொல்லி, சளி பிடித்த மூக்கோடு ஒரு மரம் விடாமல் தெளித்தேன். பொலபொலவென்று உதிர்ந்தன. சனிக்கிழமை பேங்கு அலுவலர் கார்த்திகேசன் வந்து, "நான் விட்ட வண்டு எப்படி இருக்கு சார்?" என்றார். நான் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்த நாளில் அவரே கொண்டுவந்து விட்டதாம். அந்த வண்டு மகரந்தம் சுமந்தால்தான் காய் பிடிக்குமாம். மண்ணும் வண்டும் பிழைத்தால் மரம் இருபத்தைந்து வருஷம் காய்க்கும், பேங்குப் பணமும் திரும்பும், அதற்காகத்தான் வட்டி குறைத்தோம் என்று விளக்கினார். செவ்வாய்க்கிழமை பெரிய ஆபீசர் வண்டு பார்க்க வருகிறாராம். அவர் போனதும்தான் பத்திரத்தைத் தேடி எடுத்தேன்.

நேற்று ஆராதனைக்குக்கூடப் போகாமல் நம்மைப்போலவே எண்ணெய்ப்பனை போட்டிருக்கிற அம்பாசமுத்திரம் ஷேக் மைதீன் தோட்டத்துக்குப் போய், பூவோடு வண்டை டிபன் கேரியரில் அடைத்து பஸ் ஏறினேன். சேரன்மாதேவி தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் சாப்பாடு என்று நினைத்து மூடியைத் திறந்து பார்த்தார். அப்புறம் பஸ்ஸை நிறுத்தினார்கள். என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். வண்டுகள் டிக்கெட் இல்லாமலே திருநெல்வேலி போயின.

நோட்டீஸ் வந்தால் பதறாதே. உன் வீட்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை, சத்தியம். உன் அக்காள் மேல் மட்டும் கோபப்படாதே. அந்தப் பாவத்துக்கு ஒன்றும் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

சமாதானத்தின் தேவன் நம் எல்லோரோடும், குறிப்பாக உன் வீட்டோடும், இருப்பாராக.

உன் அத்தான்,
நேசையா

பின்குறிப்பு (செவ்வாய்): கடிதத்தை ஒட்டுவதற்கு உன் அக்காளிடம் கொடுத்தேன். படித்துவிட்டாள். "நீங்க அடிச்சது அரிசி களைஞ்ச தண்ணி. பத்திரத்த அன்னைக்கே ரெண்டு தடவ படிச்சிட்டேன், எந் தம்பி வீடுல்லா? அம்பாசமுத்திரம் வரைக்கும் போனியளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள். தோட்டத்தில் போய்ப் பார்த்தால், நனைந்து உதிர்ந்ததெல்லாம் திரும்ப ஏறி ஒவ்வொரு பூவிலும் வண்டு. நிபந்தனை அறிந்து நடக்கும் விவசாயி என்று, கார்த்திகேசனோடு வந்த பெரிய ஆபீசர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை. உன் அக்காள் மூன்று டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் இரண்டு பேருக்கும் காபி. எனக்கு அரிசி களைந்த தண்ணீர். ஆபீசர் முன்னால் முகம் சுளிக்காமல் முழுசாய்க் குடித்தேன்.