மான்மவுத் ஜங்ஷன் சட்டசபையில் ஒரு கைக்குழந்தை

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
வியாழக்கிழமை

அன்பு மச்சான் அல்தாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா பஸீலாவும், மகன் ஹாமிதும், மருமகள் ஷம்சாத்தும் இறைவன் கிருபையால் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் அதே சுகத்தோடு, எங்களுக்குக் கிடைக்காத வெயிலோடும் இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் இருப்பாள். இந்த வழக்கில் அவள் வாதி, நான் பிரதிவாதி. நீ ஐகோர்ட் வக்கீல். பிரதிவாதி வக்கீலிடம் தனியாகப் பேசுவதுதான் முறை. கட்சிக்காரர் உன் அக்காள் புருஷன் என்பதால் ஃபீஸ் பேச்சு வேண்டாம்.

விவரம் இதுதான். எங்கள் டவுன்ஹவுஸ் குடியிருப்பில் ஒரு கிளப்ஹவுஸ் உண்டு. பிள்ளைகள் ஆபீஸ் போனபின் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நம் ஊர்ப் பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர் காலையில் அங்கே கூடுகிறோம். கேரம், டீ, ஊர் வம்பு. மின்வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பத்மநாபன்தான் தலைவர், ஏனென்றால் ஹால் அவர் மருமகள் தீக்ஷா பெயரில் பதிவாகியிருக்கிறது, கதவைத் திறக்கிற மின்சாவியும் அவர் கழுத்தில்தான் தொங்குகிறது. பிரச்சினை என்னவென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஹீட்டரைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனார்கள். அப்போதுதான் பத்மநாபன், "பக்கீர் சார், கோட்டையில பிரஸ் கேலரியில உக்காந்தே தலை நரைச்சவரு நீங்க. நமக்கு ஒரு ரூல்ஸ் எழுதிக் குடுங்களேன்" என்றார். மச்சான், ஓய்வு பெற்ற நிருபனிடம் எழுதிக் கொடு என்று ஒருவர் கேட்டால் அவன் என்ன ஆவான் என்று உனக்குத் தெரியும். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

இன்றைய சட்டமன்ற விதிப் புத்தகம் சென்னையில் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. என் தலைக்குள் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் சட்ட சபை. அதைப் பற்றி எங்கள் பத்திரிகையில் ஞாயிறுதோறும் தொடர் எழுதியபோது பழைய நடவடிக்கைத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். சின்ன சபை, எங்களைப் போல. நியமன உறுப்பினர், தேர்தலில் வந்த உறுப்பினர், கேள்வி நேரம், துணைக் கேள்வி, மசோதா, வாசிப்பு, எல்லாம் ஒழுங்காக இருக்கும். யாரும் கத்த மாட்டார்கள். ஏன் கத்தவில்லை என்று யோசிக்கத் தவறிவிட்டேன். கத்தினாலும் ஒன்றும் மாறாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். உனக்குத் தெரியாததில்லை, அதுதான் இரட்டை ஆட்சி. போலீஸ், நிலவரி போன்றவை கவர்னர் கையில் ஒதுக்கி வைக்கப்பட்டவை. கல்வி, சுகாதாரம் போன்றவை மந்திரிகளிடம் மாற்றிக் கொடுக்கப்பட்டவை. எங்களுக்கு ஹால் சாவி, ஹீட்டர், அமைதி மூன்றும் ஒதுக்கப்பட்டவை. டீ, கேரம், பாட்டு மாற்றப்பட்டவை. டீ மந்திரி உன் அக்கா. பத்மநாபனுக்குக் கவர்னர் பட்டம் பிடித்துப்போய்விட்டது. கடைசியாக, பிரதி முழுமையாக இருக்க வேண்டும் என்ற தொழில் புத்தியில், கவர்னரின் சான்றளிப்பு அதிகாரத்தையும் எழுதிவிட்டேன். ஒதுக்கப்பட்ட துறையில் ஒரு மசோதாவைச் சபை நிராகரித்தாலும், தன் பொறுப்பை நிறைவேற்ற இது அவசியம் என்று கவர்னர் சான்றெழுதிவிட்டால், சபை நிறைவேற்றியதாகவே அது கருதப்படும். எழுதும்போது சிரித்தேன். படித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். பத்மநாபன் சிரிக்காமல் இன்னொரு தரம் படிக்கச் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இப்போது பவளம் அம்மாவைச் சொல்ல வேண்டும். விருதுநகர்ப் பக்கம். கணவர் தவறியபின் மகளோடு இருக்க வந்தவர். மகளும் மாப்பிள்ளையும் தூரத்துப் பார்சிப்பனி ஊரில் வேலை, இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர்கள். பகல் முழுக்க அந்த அம்மாவும், நிற்கப் பழகும் பேத்தியும்தான். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, பாட்டிக்கு இந்த ஊர்ப் பேச்சு வரவில்லை. கிளப்ஹவுஸில் எங்களோடு உட்காரும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் வாய் திறந்து பேசும் நேரம். உன் அக்காவுக்கு இங்கே கிடைத்த ஒரே சிநேகிதி. ஒருநாள், அனல் மின் நிலையத்தில் தான் கொதிகலனைக் காப்பாற்றிய கதையைக் கவர்னர் உச்சக்கட்டத்துக்குக் கொண்டுபோனபோது, குழந்தை கேரம் பலகையைப் பிடித்து எழுந்து நின்றது, பலகையோடு விழுந்தது, வீறிட்டு அழுதது. கொதிகலன் அன்று காப்பாற்றப்படவில்லை.

மறுநாளே உறுப்பினரல்லாதோர் நுழைவுத் தடை மசோதா வந்தது. குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகாததால் உறுப்பினராகவும் முடியாது என்று விளக்கக் குறிப்பு. குழந்தை டீ மந்திரியின் பாதுகாப்பில் இருப்பதால் அது மாற்றப்பட்ட துறை என்று உன் அக்கா வாதாடினாள். அழுகை அமைதி சம்பந்தப்பட்டது, ஆகவே ஒதுக்கப்பட்டது என்றார் கவர்னர். வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. அவருக்கு ஓட்டுப் போட்டவர் அவர் மட்டுமே. உடனே அவர் என் விதித்தாளைப் பிரித்து, அந்தப் பிரிவில் விரல் வைத்து, என்னைப் பார்த்தார். "சார், நான் இதுல சர்டிஃபை பண்ணிடலாம், கரெக்டா?" என்றார்.

இங்கேதான் மச்சான், என் வாழ்நாள் பழக்கம் என்னைக் கெடுத்தது. ஒரு தகவல் சரியா என்று கேட்டால் சரி அல்லது தவறு என்று சொல்வதே என் தொழிலாக இருந்தது. செய்வது நியாயமா என்று அவர் கேட்கவில்லை, நானும் அதைத் தொடவில்லை. "சரிதான்" என்றேன். உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இந்தத் தாளில் எழுத முடியாது. பவளம் அம்மா குழந்தைக்குக் குல்லாவை மாட்டி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். மாலையில் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்ணே. ரூல்னா ரூல்தானே. அதுலயும் நீங்க எழுதினது, தப்பா இருக்காது" என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

பரிகாரமாக வெளிநடப்பு நடத்தினேன். பழைய சபையில் சுயராஜ்யக் கட்சிக்காரர்கள் எழுந்து வெளியேறினால் மறுநாள் பத்திரிகை முழுக்க அதுதான். நான் எழுந்து கண்டன உரை ஆற்றி, அன்று வந்திருந்த மற்ற நான்கு பேரோடும் கம்பீரமாக வெளியே வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஜாக்கெட்டுகள் உள்ளே கொக்கியில் தொங்கின. வெளியே பனி, நாங்கள் சட்டையும் ஸ்வெட்டருமாக. வீட்டுச் சாவிகளும் ஜாக்கெட் பைகளில். மின்சாவியோ கவர்னர் கழுத்தில். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கொள்கைக்காக நின்றோம். பிறகு நான்தான் தட்டினேன். அவர் கதவைத் திறந்து, கோபமே இல்லாமல், "சீக்கிரம் உள்ள வாங்க சார், ஹீட்டர் சூடெல்லாம் வெளிய போகுது" என்றார். டீயும் ஊற்றிக் கொடுத்தார். குடித்தோம். சூடாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் வெட்கம்.

டீ மந்திரியோ சட்டம் வந்த அன்றே ராஜினாமா செய்துவிட்டாள், கிளப்ஹவுஸிலும் வீட்டிலும். "சட்டம் எழுதத் தெரிஞ்ச கைதானே, டீ போடத் தெரியாதா" என்கிறாள். ஹாமித் சமாதானம் செய்யப் பார்த்து, "வாப்பா, சிம்பிளா வாட்ஸ்ஆப் குரூப்புல ஒரு ஓட்டெடுப்பு வச்சிருக்கலாமே" என்றான். அவனுக்கு வரலாறு தெரியாது. தெரிந்த எனக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

கிளப்ஹவுஸுக்குப் போகும் வழியில் பவளம் அம்மா வீட்டு ஜன்னலைத் தாண்ட வேண்டும். தினமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நிற்கிறார். எங்களைக் கண்டால் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டுகிறார். மற்றவர்கள் கையாட்டுகிறார்கள். நான் நேற்று செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். பனிக்காலத்தில் நான் போட்டிருந்தது பூட்ஸ்.

ஆகவே உன் ஆலோசனை தேவை. சட்டத்தை ரத்து செய்ய ஒரு மசோதா கொண்டுவரலாம். ஆனால் அதற்கும் கவர்னர் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தராமல் அவர் வைத்துக்கொண்டால் கால வரம்பு எதுவும் நான் எழுதவில்லை. இத்தனை வருஷம் மேலே இருந்தவர்கள் எழுதிய சட்டத்தைக் கீழே இருந்து குறிப்பெடுத்தேன். ஒரே ஒரு தடவை மேலே உட்கார்ந்து எழுதினேன், அதில் ஒரு குழந்தையை வெளியே நிறுத்திவிட்டேன். இனி பேனாவைத் தொடுவதாக இல்லை. ஏதாவது ஓட்டை தெரிந்தால் தயவுசெய்து சொல். உன் மனைவிக்கு என் ஸலாம். குழந்தைகளின் கல்விக்கும் ஆயுளுக்கும் என் துஆ என்றும் உண்டு.

இப்படிக்கு,
வருத்தத்தோடு,
பக்கீர் முகம்மது

பி.கு.: மேலே உள்ளதில் பெரும்பகுதி இனிச் செல்லாது. இதை மடித்து உறையில் போடும் முன் கிளப்ஹவுஸ் போனேன். நாங்கள் உட்கார்ந்ததும் தீக்ஷா லேப்டாப் பையோடு வந்து, தன் மகன் க்ரிஷ்ஷை மாமனார் மடியில் இறக்கினாள். "மாமா, டேகேர்ல பைப் வெடிச்சிருச்சாம், இன்னிக்கு க்ளோஸ்டு. எனக்கு மீட்டிங் இருக்கு." பத்மநாபன் மெதுவாக, இங்கே குழந்தைகள் வரக்கூடாது, ரூல் இருக்கிறது என்றார். "ஹால் என் பேர்ல இருக்கு மாமா. என்கிட்ட யாரு கேட்டாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவர்னர் சான்றெழுதினால் மட்டும் அந்தக் காலத்திலும் போதாது. பிரதியை மேலே வைசிராய்க்கு அனுப்ப வேண்டும். அவர் மூலம் மன்னரின் சம்மதம் வர வேண்டும். அவசர நிலையில்தான் விலக்கு. நமக்கு மேலே யாரும் இல்லை என்று நினைத்து அந்த வரியை நான் விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் விட்ட ஒரே வரி. மேலே தீக்ஷா இருந்திருக்கிறாள். அப்படியானால் அந்தச் சட்டம் ஒருநாளும் அமலில் இல்லை. அந்த அம்மா ஜன்னலில் நின்றது இல்லாத சட்டத்துக்காக. இதை உன் லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பு. உன் அக்கா என் வாக்கை நம்பவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் பத்மநாபன் எழுந்தார். பேரனைத் தூக்கிக்கொண்டு நேராகப் பவளம் அம்மா வீட்டுக்கு நடந்தார். ஜாக்கெட்டை மறந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் பின்னால். கதவு திறந்ததும், "அம்மா, சட்டப்படி பாத்தா அந்த ஆர்டர்..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே அவர் கையிலிருந்து பேரனை வாங்கி, தன் பேத்திக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார். பிறகு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற முழு சபையையும் பார்த்து, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். எல்லாரும் முதல்ல உள்ள வாங்க" என்றார்.