பின்னோக்கி ஓடிய கௌரவம்

வண்டி மறுபடியும் பின்னால்தான் போனது.

சாப்பாட்டு மேஜையில் வட்டமாகப் போட்டிருந்த தண்டவாளத்தின் மேல், பொம்மைக் கட்டைகளால் கட்டிய அந்த ஒற்றைப் பெட்டி ரயில், மாமியாரைக் கண்ட புது மருமகன் போல முகத்தை இந்தப் பக்கம் காட்டியபடி அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

டிரைவர் சுவிட்சை அணைத்தார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் தெருவுக்கு அவர் இன்றும் டிரைவர்தான். அவருடைய அப்பாவும் ரயில் ஓட்டியவர். தாத்தா ரயிலுக்குக் கரி அள்ளிப் போட்டவர். இந்தக் குடும்பத்தின் கை பட்ட எந்த வண்டியும் தடம் புரண்டதில்லை. உத்தரவில்லாமல் பின்னால் போனதும் இல்லை.

மாலையில் சம்பந்தி வருகிறார். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்காரரான அவர் பல் டாக்டர். போன வாரம்தான் தொலைபேசியில், "நம்ம வீட்டுல ஒரு குட்டி ரயில் மேஜையைச் சுத்தி ஜம்முனு ஓடுது சம்பந்தி. உங்களுக்கும் ஒரு பெட்டி கட்டை அனுப்பறேன். உங்க வம்சத்துக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யற வேலையாச்சே" என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு கொக்கி இருந்தது. பல் பிடுங்குகிறவர் வீட்டில் ரயில் ஓடி, ரயில்காரர் வீட்டில் ஓடாமல் போனால், அப்புறம் சம்பந்தி வீட்டு விசேஷங்களில் முன்வரிசையில் எப்படி உட்காருவது?

"தூக்கித் திருப்பி வையுங்களேன், முன்னாடி போகும்," என்றாள் மனைவி.

"திருப்பி வச்சாலும் மூஞ்சி பின்னாடிதானே இருக்கும்."

"அப்ப மூஞ்சியைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டுங்க. கட்டைதானே."

"வண்டிக்கு ஏத்த மாதிரி மூஞ்சியை மாத்தறதா? மூஞ்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வண்டி போகணும். என் சர்வீஸ்ல நான் யாருக்காகவும் மூஞ்சியை மாத்தினதில்ல."

"ஆமா. கல்யாண போட்டோவுல இருக்கிற அதே மூஞ்சிதான் இன்னிக்கும்."

டிரைவர் மச்சானை வரவழைத்தார். மனைவியின் தம்பியான மச்சான் மிக்சி பழுது பார்க்கிறவர். எந்த மோட்டாரைப் பார்த்தாலும் சட்னி அரைக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்.

"இதுக்கா அத்தான் இவ்வளவு கவலை? வயரை மாத்திக் குடுத்தா முன்னாடி போகுது. பேட்டரியும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கேன். வண்டின்னா ஒரு விறுவிறுப்பு வேணும்ல."

வண்டி முன்னால் போனது. போன வேகத்தில் முதல் வளைவை மதிக்காமல் நேராகப் பறந்து, சமையலறை வாசலில் இருந்த பாத்திரம் கழுவிய வாளிக்குள் விழுந்தது.

"தடம் புரண்டுடுச்சு," என்றாள் மனைவி.

"புரளல. தண்டவாளம் முடிஞ்ச இடத்துல வண்டி நிக்கல, அவ்வளவுதான்."

"வட்டத்துக்கு ஏதுங்க முடிவு?"

டிரைவர் வண்டியை எடுத்துத் துடைத்தார். கனம் போதவில்லை என்று முடிவு செய்து, வாசல் கதவின் பூட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். இப்போது வண்டி அசையவே இல்லை. மோட்டார் முனகியது. லேசாகக் கருகல் வாடை வந்தது.

"பாவம், கர்ப்பமா இருக்கிற மாதிரி இருக்கு. இறக்கிடுங்க," என்றாள் மனைவி.

"இன்னொரு மோட்டார் போட்டா இழுத்துடும்," என்றார் மச்சான். கட்டைகள் வந்த பெட்டியில் உபரியாக இருந்த மோட்டாரை, அதற்கென்று தனி பேட்டரியோடு, வண்டியின் வாலில் பொருத்தினார். முன்னதைப் பார்த்து அப்படியே பின்னதையும் பொருத்தினார், ஆனால் முதுகோடு முதுகாக.

சுவிட்சைப் போட்டார்கள். முன்சக்கரம் முன்னால் இழுத்தது. பின்சக்கரம் பின்னால் இழுத்தது. வண்டி நின்ற இடத்திலேயே குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது.

"ஒண்ணு 'வா'ங்குது, ஒண்ணு 'போ'ங்குது. அக்கா, நம்ம வீடு மாதிரியே இருக்கு," என்றார் மச்சான்.

"வாயை மூடிக்கிட்டு வயரை மாத்து," என்றார் டிரைவர்.

மச்சான் வயரைத் தொடுவதற்குள் சம்பந்தியும் சம்பந்தி அம்மாளும் உள்ளே வந்துவிட்டார்கள். "வாங்க, வாங்க" என்று எல்லோரும் எழுந்த அந்த நிமிஷத்தில் வண்டி நடுவில் பிளந்தது. பூட்டு கீழே விழுந்தது. பாரம் இறங்கிய இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு பக்கமாக வட்டத்தில் ஓடி, சரியாக டாக்டர் போய் நின்ற மேஜை ஓரத்தில் நேருக்கு நேர் மோதிச் சிதறின. ஒரு சிவப்புக் கட்டை டாக்டரின் சட்டைப் பைக்குள் போய் விழுந்தது.

"மோத விட்டுப் பாக்கறீங்களா சம்பந்தி?" என்றார் டாக்டர், கட்டையை எடுத்து நீட்டியபடி.

"பாதுகாப்புச் சோதனை," என்றார் டிரைவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. துணிப்பையிலிருந்து அவர் தம் வீட்டு ரயிலை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். பச்சை நிறம். அது முகம் காட்டிய திசையில் கிளம்பி, வளைவில் வேகம் குறைத்து, வட்டம் முடிந்ததும் கிளம்பிய இடத்திலேயே தானாக வந்து நின்றது.

"அடேங்கப்பா," என்றார் மச்சான். டிரைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

வண்டியில் குறையே இல்லை. ஆனால் மூன்று தலைமுறை அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஓடுது. இல்லேங்கல. ஆனா கிளம்பும்போது ஹாரன் குடுத்துச்சா? குடுக்கல. சொல்லாம கொள்ளாம கிளம்பற வண்டி. ஒரு மரியாதை கிடையாது."

"பொம்மைதானே சம்பந்தி," என்றார் டாக்டர் மெதுவாக.

"பொம்மையா இருந்தா என்ன? செய்யற கையில இருக்கிறதுதானே வண்டியில வரும். இதைச் செஞ்ச ஆளுக்கு வீட்டுல பெரியவங்க யாரும் நல்லது கெட்டது சொல்லித் தரல. அப்பான்னு ஒருத்தர் ஒழுங்கா இருந்திருந்தா, வளர்ப்பு இப்படியா இருக்கும்?"

டாக்டரின் அப்பா பேர்பெற்ற தலைமை ஆசிரியர் என்பது டிரைவருக்கு நன்றாகவே தெரியும். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரில் இல்லாத எதையோ உற்றுப் பார்த்தார்.

அதுவரை பேசாமல் காபி குடித்துக்கொண்டிருந்த சம்பந்தி அம்மாள் தம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களை நீங்களே அப்படிச் சொல்லிக்காதீங்கண்ணே. இவருக்குக் கட்டைப் பெட்டியைத் திறக்கவே வராது. இதை உக்காந்து செஞ்சது உங்க பொண்ணு."