அற்புதமணி சார் பக்கத்தில் நிற்கிறார்

பக்கத்தில் நிற்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இந்த வயதுவரை தப்பித்திருக்க முடியாது. தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து ஒருவர் குழிக்குள் இறங்கி முழங்கால் சேற்றில் வேலை செய்யும்போது, மேலே விளிம்பில் இடுப்பில் கைவைத்து நிற்பாரே, அவர். நீங்கள் காரைப் பின்னால் எடுக்கும்போது எங்கிருந்தோ முளைத்து, "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்று கையை ஆட்டிவிட்டு, இடித்த பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்பாரே, அவரேதான். தான் நிற்பதால்தான் வேலை நடக்கிறது என்று மனமார நம்புகிறவர். கெட்டவரா? ஐயையோ, தங்கமான மனுஷர். அதனால்தான் யாரும் அவரிடம் எதுவும் சொல்ல முடிவதில்லை.

இந்த இனத்தில் நான் கண்டவர்களிலேயே உயர்ந்தவர் அற்புதமணி சார். நாசரேத்துக்காரர், வயது ஐம்பத்து நான்கு. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உடன்குடிக் கருப்பட்டியை அட்டைப் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நான் அங்கே ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறவன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எட்டு வருடமாக அவர் நிற்பதைப் பார்த்துவருகிறேன்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். மஞ்சளும் பச்சையுமாக ஒரு ஜாக்கெட், அதன் குறுக்கே பளபளவென்று வெள்ளிப் பட்டை. துறைமுகத்துக்குள் போகிறவர்கள் லாரிக்காரர் கண்ணில் படட்டும் என்று போட்டுக்கொள்வது. சார் துறைமுகத்துக்குள் போவது மாதத்துக்கு ஒரு தடவை, ஜாக்கெட் தினமும். டீக்கடைக்கு ஜாக்கெட், பேங்குக்கு ஜாக்கெட், துக்க வீட்டுக்குக்கூட ஜாக்கெட். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போடுவதில்லை. அதுவும் அவர் மனைவி ஜெபசுதா டீச்சர் சனிக்கிழமை ராத்திரியே அதைத் துவைக்கப் போட்டுவிடுவதால்.

எங்கள் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டும் மெஷின் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இந்த முனையில் பெட்டியை வைத்தால் மேல் மடிப்பை மடித்து, டேப் ஒட்டி, அந்த முனையில் வெளியே தள்ளும். வெளியே தள்ளும் இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கண்ணு. பெட்டி எதிரே வந்தால் அதன் தலையில் ஒரு பொட்டு விளக்கு எரியும், பெட்டி போனதும் அணையும். மூன்று விநாடிக்குமேல் அணையாமல் எரிந்தால், பெட்டி சிக்கிக்கொண்டது என்று மெஷின் தானே நின்று, சிவப்பு விளக்கைப் போட்டு, ஊரைக் கூட்டும்.

அதை ஓட்டுகிறவள் சந்தனச்செல்வி. ஆத்தூர்ப் பெண். மூன்று வருடம் கையால் டேப் இழுத்து ஒட்டி, விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனவள். ஒரு மாதம் ஓட்டிக் காட்டினால் ஆபரேட்டர் வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். மாதக் கடைசியில் 'தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியவர் யார்? வேறு யார், அற்புதமணி சார்தான்.

முதல் மூன்று வாரம் மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. சார் அப்போது ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்தார். திங்கட்கிழமை வந்தார். வந்து, பெட்டி வெளியே வரும் இடத்துக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்தாவது நிமிஷம் மெஷின் அலறியது.

"நான் இல்லாத மூணு வாரத்துல மெஷினக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பத்துப் பன்னிரண்டு தடவை. அதிசயம் என்னவென்றால், செல்வி ஓடிப்போய்க் குனிந்து பார்த்தால் பெட்டி எதுவுமே சிக்கியிருக்காது. சாருக்கு மட்டும் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. செவ்வாய்க்கிழமை உப்புக் காற்று (இந்த ஊரில் குழந்தை பரீட்சையில் தோற்றாலும் உப்புக் காற்றுதான்). புதன்கிழமை அட்டை மட்டம். வியாழக்கிழமை டேப்பில் பசை இல்லை. கண்ணைத் துடைக்கச் சொன்னார், துடைத்தாள். ஊதச் சொன்னார், ஊதினாள். ஒவ்வொரு தடவை அலறும்போதும் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றார்.

வெள்ளிக்கிழமை மாதத்தின் கடைசி நாள். கன்டெய்னர் நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குள் ஒன்பது தடவை நின்றாயிற்று. ஒன்பதாவது தடவை சார் பெருமூச்சு விட்டார்.

"ஏளா செல்வி, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. உனக்கும் மெஷினுக்கும் ஒத்துவரல. திங்கக்கிழமையிலருந்து பழையபடி டேப் ஒட்டப் போயிரு, என்ன?"

உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். அவள் முகம் செத்துப்போயிற்று. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்போது சாரின் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். கண்ணின் பொட்டு விளக்கு அணைந்தது. நிமிர்ந்தார். எரிந்தது. மூக்குக் கண்ணாடி நழுவ, மறுபடி குனிந்தார். அணைந்தது. செல்வி விளக்கைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் அங்கன நவுந்து நில்லுங்களேன்."

"ஏன், நான் நிக்கது உனக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யல சார். மெஷினுக்குத்தான்."

கருப்பட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கை அப்படியே நின்றது. நான் நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்தேன். கையெழுத்து இன்னும் விழவில்லையே, பாவி மகளே!

"உங்க ஜாக்கெட்டுல அந்த வெள்ளிப் பட்டை இருக்குல்லா சார், அது கண்ணு விடுத வெளிச்சத்த அப்படியே திருப்பி அடிக்கு. நீங்க தள்ளி நின்னாலும் எதுத்தாப்புல ஒரு பெட்டி நிக்குன்னு அது நினைச்சிருது. பட்டை நேரா அதுக்கு முன்னால வரும்போதெல்லாம் பெட்டி போகலன்னு நின்னுருது."

"ஏளா, என்னையப் பெட்டிங்கியா?"

"நான் சொல்லல சார். அதுதான் சொல்லுது."

சார் விறைப்பாக நாலடி தள்ளிப் போனார். செல்வி பொத்தானை அமுக்கினாள். முப்பது பெட்டி, நாற்பது பெட்டி, சத்தமில்லாமல் போயின. சார் திரும்பி வந்து நின்றார். அலறியது. போனார், ஓடியது. வந்தார், நின்றது. மூன்றாம் தடவை அவருக்கே ருசித்துவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். செல்விதான் நேரமாகிறது என்று கெஞ்சினாள். பிறகு சென்சாரில் இருந்த சின்னத் திருகை, பக்கத்தில் வரும் பெட்டி மட்டும் தெரிகிற அளவுக்குக் குறைத்து வைத்தாள். கன்டெய்னர் நாலுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கேட்டைத் தாண்டியது.

சார் அசந்துபோவார், குறைந்தபட்சம் கொஞ்சம் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். இந்த இனத்தை நான் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. நேரே என் மேஜைக்கு வந்தார்.

"பாத்தீரா வே? அஞ்சு நாளா ஒருத்தருக்கும் தெரியல. நான் அங்கனயே நின்னதுனாலதான கண்டுபிடிக்க முடிஞ்சுது!"

தாளை வாங்கி எழுதினார். எழுதியதை எனக்குச் சத்தமாக வாசித்தும் காட்டினார். 'சந்தனச்செல்வி தகுதியானவர். எனினும் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது அவசியம்.' கீழே, தாராளமான மனதோடு ஒரு கையெழுத்து. செல்வி அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு மடித்து வைத்தாள். திங்கட்கிழமை அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அவர் நின்றார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நாலு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் "எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "ஒரு குறையும் இல்ல, எல்லாம் நல்லாப் போச்சு" என்று வீட்டில் சொன்னார்களே, அந்த நேரம் உங்களுக்கு உள்ளுக்குள் லேசாக ஒரு வருத்தம் வந்ததா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன். வந்தது என்றால், தயவுசெய்து கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள். பாவம், அவர்களுக்கு வேலை ஓடவேண்டும்.