பதினெட்டில் பன்னிரண்டு போக

"அஞ்சுல ரெண்டு போனா மீதி எத்தனை?" ஒன்றாம் வகுப்பு சார் ஏழாவது தடவையாகக் கேட்டார்.

"அஞ்சு!" என்றன பதினெட்டுக் குரல்கள்.

மேசைமேல் ஐந்து சாக்பீஸ்களை வரிசையாக வைத்திருந்தார். அதில் இரண்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்போ?"

"அஞ்சு சார்!"

"எப்படி அஞ்சு?"

"மூணு மேசைல இருக்கு. ரெண்டு உங்க பாக்கெட்ல இருக்கு," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வருத்தம் அவள் குரலில் இருந்தது.

பையிலிருந்ததை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "ரெண்டு டிராயர்ல!" என்று கத்தினார்கள். பொறுமை போய், திறந்து எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். ஜன்னலோரத்துப் பையன் எழுந்து நின்று எட்டிப் பார்த்தான்.

"அதோ கிடக்கு சார். ஒண்ணு உடைஞ்சிடுச்சு. இப்போ மொத்தம் ஆறு!"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பத்து. பதினொரு மணிக்குத் தலை எண்ணும் அதிகாரி வருகிறார். வகுப்பில் பதினைந்து தலைக்குக் குறைந்தால், அந்த வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிட்டு, ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் தற்காலிகம் வேறு. வீட்டுக்குப் போனால் மறுபடியும் சரக்குக் கிடங்கில் இரவு வேலைதான். நான்கு மாதத்துக்கு முன் அதை உதறிவிட்டு வந்தபோது, "எங்க போயிடப் போறே, வருவே," என்று மேற்பார்வையாளர் சொன்னது இன்னும் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

பதினெட்டுப் பேரும் வந்திருக்கிறார்கள். தலைக்குக் குறையில்லை. ஆனால் தலைமையாசிரியை காலையிலேயே எச்சரித்திருந்தார். "எண்ணிட்டுச் சும்மா போகமாட்டாங்க சார். கழித்தல் ஒண்ணு கேப்பாங்க."

சார் இங்குமங்கும் நடந்தார். பிசகு எங்கே என்று சட்டென்று பிடிபட்டது. 'போனால்' என்கிறோம். எதுவும் போகவில்லையே! பையில் இருக்கிறது, பூட்டுக்குள் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே கிடக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குப் போவது என்றால் போவது.

"நீங்க ரெண்டு பேரும் எழுந்திரிங்க. வெளிய போங்க."

"எங்க சார்?"

"யார் கண்ணுலயும் படாத இடத்துக்கு."

இருவரும் போனார்கள். சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பதினெட்டுல ரெண்டு போயாச்சு. மீதி?"

தலைகள் திரும்பின. விரல்கள் மடங்கின.

"பதினாறு!"

சார் கையைத் தட்டினார். இன்னும் மூன்று பேரை அனுப்பினார். பதின்மூன்று என்றார்கள். நான்கு பேரை அனுப்பினார். ஒன்பது என்றார்கள். ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. மீதமிருந்தவர்கள் பெஞ்சுமேல் ஏறிக் கை தூக்கினார்கள்.

"சார், என்னைக் கழிங்க சார்!"

"அவனை வேணாம் சார், நான் இன்னும் கழியவே இல்ல!"

"போதும் போதும். கழிஞ்சவங்க எல்லாம் உள்ள வாங்க!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

யாரும் வரவில்லை. தாழ்வாரத்தில் தலையை நீட்டிக் கூப்பிட்டார். தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வெளிவாசல் காவலாளியிடம் சைகையில் கேட்டார். "ஒரு எறும்புகூட வெளிய போகல சார்," என்று அவர் அங்கிருந்தே கத்தினார். அப்படியானால் உள்ளேதான் எங்கோ இருக்கிறார்கள். பத்து முப்பத்தைந்து.

வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டார். அவளை எல்லாரும் 'லீடர்' என்றே அழைப்பார்கள். அவளுக்கு இன்னொரு பெயர் இருப்பது அவள் அம்மாவுக்கே மறந்திருக்கும்.

"லீடர், ஓடிப்போய் எல்லாரையும் கூட்டிட்டு வா."

லீடர் ஓடினாள். திரும்பவில்லை.

"சார், இப்போ எட்டு!" என்றார்கள் உள்ளே இருந்தவர்கள்.

"நான் கேக்கலையே."

லீடரைத் தேட இருவரை அனுப்பினார். அவர்களையும் தாழ்வாரம் விழுங்கியது.

"ஆறு சார்!"

"வாயை மூடுங்கடா!"

"வாயை மூடிக்கிட்டே எண்ணினோம் சார். ஆறுதான்."

அப்போது ஆயாம்மா துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றார். "சார், மேடம் வந்துட்டாங்க. ஆபீஸ்ல தண்ணி குடிக்கிறாங்க."

"பதினொண்ணுக்குத்தானே வரணும்?"

"பஸ் சீக்கிரம் கிடைச்சிடுச்சாம்."

சார் பக்கத்து அறைக்குப் பாய்ந்தார். அங்கே இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் முப்பத்துநான்கு பேர் இருந்தார்கள்.

"டீச்சர், ஒரு பத்துப் பேரைக் கடன் குடுங்க."

"என்ன சார், சர்க்கரை கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

"கால் மணி நேரத்துல திருப்பிடறேன்."

"குடுத்தபடியே வரணும். பல்லுகில்லு விழுந்தா அவங்க அம்மாங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

எண்ணிக்கை போதாதபோது பக்கத்து இடத்திலிருந்து பத்தைக் கடன் வாங்குவது இரண்டாம் வகுப்புப் பாடம். சார் அவசரத்தில் ஒரு வருஷம் முந்திவிட்டார்.

பத்துப் பேரும் முழங்கால் இடிக்க இடிக்கக் குட்டைப் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவர் வியர்வையைத் துடைப்பதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார். கையில் பெரிய பதிவேடு. பேனா முனையால் காற்றில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார்.

"பதினாறு. வருகைப் பதிவுல பதினெட்டு இருக்கே?"

"ரெண்டு பேருக்குத் திடீர்னு காய்ச்சல் மேடம். அனுப்பிட்டேன்."

"ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கா?"

"இரட்டைப் பிள்ளைங்க மேடம்."

அதிகாரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "பத்துல மூணு போனா எத்தனை?"

"ஏழு!" கூரை அதிர்ந்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது சரியாக உட்காருவதற்குள் ஜன்னலோரத்துப் பையன் கை தூக்கினான்.

"மிஸ், எங்களுக்கு இதைவிடப் பெரிய கழித்தல் தெரியும்."

"அட, சொல்லு பார்ப்போம்."

"பதினாறுல பத்து போனா ஆறு."

"ரொம்ப சரி!"

"அந்தப் பத்துப் பேரும் பக்கத்து கிளாஸ் மிஸ். நாங்க ஆறு பேருதான்."

ஆயாம்மா பெருக்குவதை நிறுத்தினார். கடன் வாங்கிய பிள்ளைகளில் ஒருவன், "சார், நாங்க போலாமா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் பத்துப் பேரும் தாங்களாகவே எழுந்து போனார்கள்.

"மத்தவங்க எங்க சார்?" அதிகாரியின் குரலில் இருந்த தித்திப்பு போய்விட்டது.

"இங்கதான் மேடம்... எங்கயோ... தேட லீடரைக்கூட அனுப்பினேன்..."

எல்லாரும் தேடினார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் கூடவே வந்தார்கள். கடைசியில் ஆயாம்மாதான் கண்டுபிடித்தார். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்திருந்த இடத்துக்குப் பின்னால், பன்னிரண்டு பேரும் வரிசையாக, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மாதத்தில் சார் கெஞ்சியும் மிரட்டியும் ஒருநாள்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

"எழுந்திரிங்க. கிளாஸுக்குப் போலாம்," என்றார் சார்.

பன்னிரண்டு தலைகளும் இடவலமாக ஆடின.

"டேய், வாங்கடா. தயவு செஞ்சு வாங்கடா."

மறுபடியும் ஆடின.

அதிகாரி எண்ணினார். பன்னிரண்டு, இந்தப் பக்கம் ஆறு. பதிவேட்டில் பதினெட்டு என்று எழுதினார்.

"எண்ணிக்கை சரியா இருக்கு. கடன் வாங்கினதைக்கூட விட்டுடறேன், பயத்துல பண்ணிட்டீங்க. ஆனா இதை விட முடியாது சார்." பேனா, கட்டங்களைத் தாண்டி, 'குறிப்பு' என்ற இடத்துக்கு நகர்ந்தது. "கிளாஸ்ல முக்கால்வாசி ஓடி ஒளிஞ்சிருக்கு. நீங்க கண்ணு முன்னாடி நின்னு கூப்பிட்டும் வரமாட்டேங்குது. உங்க பேச்சுக்கு இங்க மரியாதையே இல்ல. இப்படியே எழுதினா வேற ஆளைத்தான் போடுவாங்க. வேற என்னன்னு நான் எழுதறது?"

கிடங்கில் இரவு வேலைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சாரின் மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

பேனா முனை தாளைத் தொட்டது. அதோடு நின்றது. ஒருத்தி சட்டையில் 'லீடர்' என்று குத்தியிருந்த அட்டையைப் பார்த்து அதிகாரி குனிந்தார்.

"நீதானே லீடர்? சார் உன்னை எதுக்கு அனுப்பினாரு?"

"எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு மிஸ்."

"அப்புறம் ஏன் கூட்டிட்டுப் போகல?"

லீடர் வாயிலிருந்து விரலை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு ரகசியமாகச் சொன்னாள்.

"இன்னிக்குக் கழித்தல் மிஸ். கூட்டிட்டுப் போனா, உள்ள இருக்கறவங்க சொன்ன விடை எல்லாம் தப்பாயிடுமே!"