ரேஸ் அக்காவின் இரண்டு சீட் கார்

கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருக்கும் அத்தனை மனிதர்களிலும் மிக மெதுவாக நகரக்கூடியவர் ரேஸ் அக்காதான். காலி வீதி என்கிற பெருந்தெருவில் அவருடைய காரை முந்தாத வாகனம் கிடையாது. பாட்டுப் போட்டபடி பாண் விற்கும் ஓட்டோ முந்தும். குப்பை அள்ளும் டிரக்டர் முந்தும். ஒருமுறை ஒரு நாய் முந்திப் போய், நின்று, திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டதை நான் என் கண்ணால் கண்டேன்.

இத்தனைக்கும் அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் செய்தது. கடும் பச்சை நிறம், கழற்றி வைக்கக்கூடிய கூரை, இரண்டே இரண்டு சீட். தரையோடு தரையாகக் கிடக்கும். அதற்குள் ஏறுவது என்று சொல்லக்கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் காரால்தான் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதுமே, அவருக்கு ரேஸ் அக்கா என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது. ஒரு கம்பனியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டாதவர். அறுபதைத் தாண்டியவர் என்றாலும் அதட்டுகிற குரலில் முப்பதுதான்.

அவருடைய வீட்டு மேல்மாடிக்கு நானும் என் மனைவி சுபாவும் வாடகைக்குப் போனோம். கொழும்பில் தமிழர் வீட்டில் வாடகைக்குக் கேட்டுப் போனால் என்ன கேட்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சொந்த இடம் எது, அங்கே எந்தப் பகுதி, மீன் சமைப்பீர்களா. ரேஸ் அக்கா இவை ஒன்றையும் கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு இடுப்பு நோ ஏதும் இருக்கோ?"

"இல்லை அக்கா."

"முழங்கால்?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சரி. திறப்பைப் பிடியும்," என்று சாவியைத் தந்தார்.

எவ்வளவு அக்கறையான மனிசி என்று சுபாவிடம் சொல்லிச் சொல்லி உருகினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இருந்து "தம்பீ! ஒருக்கா வாரும்!" என்று சத்தம் வந்தபோதுதான் அக்கறை எதன் மேல் என்று விளங்கியது. கடற்காற்றில் கிடந்து கிடந்து அந்தக் கார் தானாக உயிர் பெறுவதில்லை. யாராவது தள்ள வேண்டும். எங்கள் ஒழுங்கை கடல் பக்கமாகச் சரிவு. அந்தப் பக்கம் தள்ளினால் ஒரு சின்னப் பிள்ளையே தள்ளிவிடும். ஆனால் உப்புக்காற்று காரின் முகத்தில் அடிக்குமாம். ஆகவே மேட்டுப் பக்கம், காலி வீதியை நோக்கித்தான் தள்ள வேண்டும் என்பது அக்காவின் சட்டம். நான் வேர்த்து விறுவிறுத்துத் தள்ள, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா. பெயின்ட்டில விரல் படாமல் தள்ளும்," என்பார். விரல் படாமல் ஒரு காரை எப்படித் தள்ளுவது என்று யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அது ஸ்டார்ட் ஆனதும் எனக்குப் பரிசு, பக்கத்து சீட். பம்பலப்பிட்டிக் கோயில் வரை போய் வருவோம். நடந்து போனவர்கள் கும்பிட்டு, விபூதி பூசி, திரும்பி வரும்போது எங்களை எதிரில் சந்திப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, இது ரேஸ் ஓடுற கார்தானே? ஒருக்கா எண்டாலும் அமத்திப் பார்க்கலாமே?"

"தனக்குப் பெலன் இருக்கெண்டு அதுக்குத் தெரியும், தம்பி. அதை ஊருக்கு ஏன் காட்டுவான்?"

கொம்பனித்தெருவில் அதற்கென்று ஒரு மெக்கானிக் இருந்தார். முஸ்லிம்காரர். நானா, அதாவது அண்ணன், என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். "எண்ட பொண்டாட்டியோட இருந்ததை விட இந்தக் காரோடதான் நான் கூட நாள் ஈந்தீக்கிறேன்," என்று ஒருமுறை என்னிடம் முறையிட்டார். அதற்கு அக்கா, "ரெண்டையும் ஒழுங்காப் பார்க்கேல்லை," என்றார்.

விற்கச் சொல்லி வந்தவர்களுக்கும் குறைவில்லை. பழைய கார் சேர்க்கிற ஒரு பணக்கார இளைஞர் நல்ல சேட் போட்டுக்கொண்டு வந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை விசாரிப்பது போல அக்கா விசாரித்தார். எங்கே நிறுத்துவீர், மேலே கூரை உண்டா, வீட்டில் பூனை இருக்கிறதா, பூனைக்கு நகம் வெட்டுவீர்களா. அந்தப் பொடியனும் பாவம், எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னான். கடைசியில் சந்தோஷம் தாங்காமல் காரின் முன்பக்கத்தை இரண்டு தரம் தட்டினான். கதை அதோடு முடிந்தது.

"தட்டிப் பார்க்கிறதுக்கு இது என்ன பலாப்பழமோ? தம்பி, அவரைக் கேற் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடும்."

பிறகு பெட்ரோல் இல்லாத காலம் வந்தது. அந்த நாட்களை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பெட்ரோல் செட்டுக்கு முன்னால் வரிசை, வரிசைக்கு முன்னால் வதந்தி. என் ஸ்கூட்டர் வீட்டு வாசலில் சும்மா நின்றது. நான் வேலைக்கு நடந்தே போனேன். ஒழுங்கை முழுவதிலும் ஒரே ஒரு வாகனத்தில்தான் டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தது. எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. வெறும் டாங்கிக்குள் கடற்காற்று பூந்தால் துருப் பிடிக்கும் என்று அக்கா எந்த நாளும் அதை முட்ட நிரப்பியே வைத்திருப்பார். ஓடினால் அல்லவா குறைவதற்கு?

எதிர் வீட்டுக்காரர் ஜெனரேட்டருக்கு ஒரு போத்தல் கேட்டு வந்தார்.

"அதின்ர ரத்தத்தை உருவி உங்கட ஜெனரேட்டருக்கு ஊத்தவோ?" என்றார் அக்கா. எதிர் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நானும் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சுபா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அவசரத்துக்கு ஸ்கூட்டரில் கொஞ்சம் கிடக்கட்டும் என்று ஒரே ஒரு லீற்றர் கேட்டேன். "வயித்துப்பிள்ளைக்காரியை ஸ்கூட்டரில ஏத்துவீரோ? மூளை இருக்கோ உமக்கு?" என்று ஏசி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து காருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக் குடையும் கையுமாகக் காவல் இருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஞாயிறு நான் தள்ளப் போகவில்லை. வேறு வீடு பார்ப்போம் என்று சுபாவிடம் சொன்னேன்.

வீடு பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஒரு மத்தியானம், டொக்டர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே, சுபாவுக்கு வலி கண்டுவிட்டது. அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். அது இன்னொரு நோயாளியோடு எங்கோ தூரத்தில் நின்றது. ஓட்டோக்காரர்களுக்கு எடுத்தேன். எல்லாரும் பெட்ரோல் வரிசையில் நின்றார்கள். மேலே சுபா கத்த, நான் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கீழே ரேஸ் அக்கா காரை மூடியிருந்த துணியையும் கூரையையும் கழற்றி எறிந்துவிட்டு நின்றார்.

"மேலயும் கீழயும் ஓடி என்ன செய்யப் போறீர்? சுபாவைக் கூட்டிக்கொண்டு வாரும்!"

அந்த வயிற்றோடு ஒரு பெண்ணை அந்தக் காருக்குள் இறக்குவது, கிணற்றுக்குள் பீரோ இறக்குவதற்குச் சமம். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. சுபா என் சேட்டைக் கிழித்தாள்.

"ஐயோ, நான் இதுக்குள்ள பிள்ளை பெற மாட்டன்!"

"பெறவும் கூடாது. லெதர் சீட்," என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்கு ஒரு கணக்கு உறைத்தது. சீட் இரண்டு. ஆட்கள் மூன்று.

"அக்கா, நான்?"

"உமக்குக் கால் இருக்குத்தானே. பின்னால வாரும்."

நான் நம்பிக்கையோடுதான் இருந்தேன். அந்தக் காரோடு கூடவே நடந்து போய்விடலாம் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். தள்ளாமலே அது முதல் உறுமலில் ஸ்டார்ட் ஆனதே ஒரு அதிசயம். ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். ஒழுங்கை முடிவதற்குள் நான்தான் முன்னால் இருந்தேன். காலி வீதி முகப்பில் நின்று, வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

வீதி வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு பஸ் இல்லை, ஒரு ஓட்டோ இல்லை. அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். கியரை மாற்றினார். மறுபடி மாற்றினார். அந்தக் காரில் மூன்றாவது, நான்காவது கியர்கள் அலங்காரத்துக்கு வைத்தவை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடைக்காரர்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அக்காவின் நரைத்த கொண்டை அவிழ்ந்து காற்றில் பறந்ததைப் பார்த்தேன். சுபாவின் கை ஒன்று மேலே எழுந்து ஆடியதைப் பார்த்தேன். பிறகு பச்சையாக ஒரு புள்ளி. பிறகு அதுவும் இல்லை. நான் பையோடு நடுவீதியில் நின்றேன்.

சைக்கிளில் வந்த ஒரு வயதானவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டுப் பிரேக் பிடித்தார். "நகின்ன மாத்தயா," என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிப் பின்பக்கக் கரியரைக் காட்டினார். ஏறிக்கொண்டேன். பாவம் அந்த மனிதர், எழும்பி நின்று மிதித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில், டொக்டர்மார் நிறுத்துகிற இடத்தில் கார் நின்றது. இங்கே நிறுத்த முடியாது என்று காவலாளி சிங்களத்தில் மன்றாட, அவரைவிட நல்ல சிங்களத்தில் அக்கா அவரை ஏசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். நீர் ஏன் இவ்வளவு நேரம் செய்தனீர்?"

கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டொக்டர். நான் சுபாவைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன், ஒரு மூலையில் போய் நின்று அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அக்காவுக்கு நன்றி சொல்ல வெளியே வந்தேன்.

"தம்பி," என்றார் அவர். "ஸ்டார்ட் ஆகுதில்லை."

பிள்ளை பிறந்த அன்றைக்கு ஒரு தகப்பன் என்ன செய்வான்? இனிப்பு வாங்குவான். சொந்தக்காரருக்குப் போன் எடுத்துச் சொல்லுவான். நான் காலி வீதி நெடுகிலும் ஒரு காரைத் தள்ளினேன். கிழிந்த சேட்டோடு தள்ளினேன். பாதி வழியில் பக்கத்து சீட் கண்ணில் பட்டது. சுபாவின் தண்ணீர்க்குடம் அதில்தான் உடைந்திருந்தது. லெதர் முழுவதும் நனைந்து கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, சீட்..." என்று இழுத்தேன்.

"எந்த சீட்?" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு நன்றியும் எரிச்சலும் ஒன்றாகப் பொங்கின. "இவ்வளவு பாடுபடுத்துற காரை ஏன்தான் வச்சிருக்கிறீங்களோ. வித்துப்போட்டு ஒரு ஜப்பான் கார் வாங்கினால் என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா முன்கண்ணாடித் தூசியை விரலால் துடைத்தார்.

"இதை வாங்கினது அப்பா. மூடியிருந்த துணியைக் கழட்டிப் பார்க்காமல் ஏலத்தில எடுத்துப்போட்டார். வீட்டில நாங்கள் அஞ்சு பேர். ரெண்டு சீட். அம்மா ஒரு கிழமை அவரோட கதைக்கேல்லை. ஒருத்தரும் தொடமாட்டினம் எண்டதால நான் ஓடப் பழகினன்." ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி ஒரு பள்ளத்தை விலக்கினார். "எண்பத்து மூண்டுக் கலவரத்தில எங்கட வீட்டை எரிச்சவங்கள். இதே ஒழுங்கைதான். அம்மாட தையல் மெஷின், அப்பாட புத்தகங்கள், போட்டோக்கள், என்ர சேர்டிபிகேட், ஒரு கரண்டி கூட மிஞ்சேல்லை. கார் மட்டும் தப்பினது. ஏன் தெரியுமோ?"

"ஏன் அக்கா?"

"பழுதாப் போய்க் கொம்பனித்தெருவில கராஜுக்க நிண்டது. நானாட வாப்பா மேல தகரத்தைப் போட்டு மறைச்சு வச்சவர். ஒழுங்கா ஓடுற கார் எண்டால் அண்டைக்கு வீட்டு வாசலில நிண்டிருக்கும்." சிரித்தார். "அதால, இது நிக்கிற நேரம் நான் ஏசிறதில்லை. ஏதோ காரணத்துக்குத்தான் நிக்குதெண்டு நினைப்பன். நீர் தள்ளும். விரல் படாமல்."

தள்ளினேன்.

இப்போது என் மகள் நன்றாக ஓடித் திரிகிறாள். அந்தக் காரில் உட்கார வேண்டுமென்றால் அவள் கால் கழுவ வேண்டும். கோயிலுக்குள் போவதற்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு கண்டிப்பில்லை. நாங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் சொந்தமாக ஒரு ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். கொழும்பின் ஒரு அந்தத்தில் நான், மறு அந்தத்தில் அவர். இனியாவது என் இடுப்புக்கு விடுதலை என்று நினைத்தேன். முதல் ஞாயிறு காலையிலேயே போன் அடித்தது.

"தம்பி, ஒருக்கா வாரும்."

"அக்கா, நான் இப்ப கொட்டாஞ்சேனையில இருக்கிறன்!"

"ஓம், தெரியும். பஸ் ஓடுதுதானே."

"உங்கட ஒழுங்கையில ஆம்பிளைகள் இல்லையோ?"

"இருக்கினம். தள்ளத் தெரியாது."

இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். நகரத்தைக் குறுக்கே கடந்து, இரண்டு பஸ் மாறி, ஒரு காரைத் தள்ளுவதற்காகப் போகிற மனிதன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி புறுபுறுப்பேன். சுபா பிளேன்ரீக் கோப்பையை நீட்டுவாள்.

போன ஞாயிறு நல்ல மழை. போன் வரவில்லை. பத்து மணி வரைக்கும் பார்த்தேன். பிறகு நானே எடுத்து, "அக்கா, வரட்டோ?" என்று கேட்டேன்.