பன்னிரண்டு வருஷத்துப் பச்சை

பின்சக்கரம் கல்லில் மோதிக் கோணிப்போய்விட்டது. மலைச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மெஷிட்சா ஊரின் சைக்கிள் கடைக்குள் நுழைந்தான் கோராஸ்த். மர அறுப்பு ஆலையில் நாள் முழுக்கச் சுமந்து காய்த்துப்போன தோள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி வீதா கொடுத்த கல்யாணப் பரிசு அது. வருஷத்தில் ஒருநாள், இந்தத் தடவை வரும் ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் பாதிரியார் ஊர் வண்டிகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளிப்பார். வீதா வருஷா வருஷம் அந்தப் பச்சைச் சைக்கிளில் ரிப்பன் கட்டுவாள். "இதைத் தொலைச்சா என்னையும் தொலைச்ச மாதிரி" என்று போன வாரம்கூடச் சொல்லியிருந்தாள்.

"கொஞ்சம் பழைய வண்டி, தம்பி," என்றான் கோராஸ்த்.

"பழசுதான் அண்ணே," என்றான் கடைக்கார டினே. "இந்த அகலத்துல சக்கரம் இப்ப வர்றதில்ல. ஆறு மில்லிமீட்டர் கூட்டிட்டாங்க."

"எதுக்கு?"

"உறுதிக்கு."

"அப்ப இத்தனை நாள் நான் உறுதியில்லாமலா ஓட்டினேன்?"

"தெரியாம ஓட்டியிருக்கீங்க."

புதுச் சக்கரம் வண்டியின் பழைய இரும்புச் சட்டத்துக்குள் நுழையவில்லை. ஆறு மில்லிமீட்டர்தானே என்று ஆலையில் ஆப்பு வைத்து ஒரு தட்டு தட்டினான். சட்டம் விரிந்தது, அப்படியே பிளந்தும் போனது.

வெள்ளிக்கிழமை கறுப்பில் ஒரு புதுச் சட்டம் வாங்கினான். அதன் கழுத்துத் துளையில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் பழைய முன்கவை சட்டிக்குள் கரண்டி மாதிரி ஆடியது.

"கழுத்தைப் பெருசாக்கிட்டாங்க," என்றான் டினே.

"யாருப்பா அவங்க? எனக்கு ஒருதடவை காட்டு."

"நானும் பார்த்ததில்ல அண்ணே. வருஷா வருஷம் புது அளவு போட்ட தாள் மட்டும் வரும்."

புது முன்கவைக்கு முன்சக்கரம் பொருந்தவில்லை. புது முன்சக்கரத்துக்குப் பழைய பிரேக் பொருந்தவில்லை. சனிக்கிழமை மதியம் பார்த்தால், பழைய வண்டியில் மிஞ்சியது கிழிந்த சீட்டும் மணியும்தான். இது பழுதுபார்த்த பழைய சைக்கிளா, பழைய மணி கட்டிய புதுச் சைக்கிளா என்று அவனுக்கே விளங்கவில்லை.

வீதாவுக்குத் தெரியாமல் இருக்க ஒரே வழி, பச்சை. பிளந்த சட்டத்தை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, கறுப்பு வண்டியையும் தள்ளிக்கொண்டு, கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஹெர்மான் கிழவரிடம் ஓடினான்.

"அச்சு அசலா இதே பச்சை வேணும், பெரியவரே. சாயங்காலத்துக்குள்ள. என் வீட்டுக்காரிகிட்ட மூச்சு விடக்கூடாது."

கிழவர் மாதிரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேல்தட்டிலிருந்து பாதி டப்பாவை இறக்கி ஊதினார், தூசி பறந்தது.

"போன வருஷம் உன் பொண்டாட்டி பழசு மேல காரை ஏத்திட்டு, அதே மாடல்ல வேற ஒண்ணைத் தள்ளிக்கிட்டு வந்து இதே பச்சைதான் கேட்டா, அன்னைக்கும் அவ கையில மிச்சம் இருந்தது இந்த சீட்டும் மணியும்தான்."